இரட்டைக் கோடு

ஒரு கல் கையில் வந்தால் கல்லக்கா முதலில் அதன் மேல் வாயால் ஊதுவாள். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் ஊதுவோமே, அந்த மாதிரி. உடனே மூக்கருகே கொண்டுபோய் முகர்வாள். முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை வந்தால் அது கத்தி தீட்ட ஆகும் கல். வாசனையே வராவிட்டால் கதவுக்கு முட்டுக்கொடுக்கத்தான் ஆகும். பிறகு நகத்தால் ஒரு கீறல் போடுவாள். கடைசியாக நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பாள். நாக்கு லேசாக ஒட்டினால் அந்தக் கல் தண்ணீர் குடிக்கும் கல். இதையெல்லாம் நடுத்தெருவில் நின்றே செய்வதால் புதிதாகக் குடிவந்தவர்கள் அவளைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கியே நடப்பார்கள். ஒருமுறை ஒரு குழந்தை, "அம்மா, அந்த ஆன்ட்டி கல்ல நக்குறாங்க" என்று கத்த, அம்மா அதன் வாயைப் பொத்தினாள். கல்லக்கா கல்லைப் பையில் போட்டுக்கொண்டே, "உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் கத்தியைக் கொண்டுவருபவர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை.

அவள் வேலை செய்யும் அறை தெருவைப் பார்த்த கீழ் அறை. ஒரே ஜன்னல். வெயில் நேராக விழாத பக்கம் அது இருப்பதால் பகல் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் வரும். ஜன்னலை ஒட்டி ஒரு மரமேஜை, மேஜைக்கு நேர் மேலே ஆணியில் தொங்கும் ஒரு தகர டப்பா. டப்பாவின் அடியில் ஊசித்துளை. அதிலிருந்து ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் கல்லின் மேல் விழுந்துகொண்டே இருக்கும். சுவரெல்லாம் அலமாரி. அதில் கற்கள், ஒவ்வொன்றும் பழைய துணியில் சுற்றப்பட்டு, தூங்குகிற குழந்தைகளைப் போல. கறிக்கடைக் கத்திக்குச் சொரசொரப்பான மஞ்சள் கல், தையல் கத்தரிக்குச் சாம்பல் நிறக் கல், சவரக் கத்திக்கு மழமழவென்ற கறுப்புக் கல் என்று வகைக்கு ஒன்றாக இருக்கும். எல்லாம் அவளே ஓடைகளிலும் கைவிட்ட குவாரிகளிலும் பொறுக்கி வந்தவை.

சின்ன வயதில் அவள் சிலேட்டுக்கல் குவாரியில் வேலை பார்த்தாள். கூரைக்குப் போடும் பலகைக் கற்களை உளியால் பிளந்து, தட்டிப் பார்த்து, நல்லது கெட்டது பிரிக்கும் வேலை. மணிபோல் சத்தம் வந்தால் நல்ல கல். தொண்டை கட்டியவன் பேசுவதுபோல் வந்தால் உள்ளே விரிசல். ஒருநாள் ஒரு ஆள் சைக்கிளில் வந்து கழிவுக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடுறீங்க?" என்று கேட்டாள்.

"சவரக் கத்தி தீட்டக் கல்லு. சும்மா கெடக்குறதுதானே, ரெண்டு எடுத்துக்கறேன்."

"நீங்க எடுத்து வெச்சிருக்குறது ரெண்டும் தொண்ட கட்டின கல்லு. கத்தியத் தின்னுடும்."

"அப்ப நல்லதா நீயே எடுத்துக் குடேன்."

எடுத்துக் கொடுத்தாள். அவர் மறுவாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். "இந்தாளு கத்திய வெச்சு என்னதான் செய்யறான், ஊர் முழுக்க மொட்டை அடிக்கிறானா?" என்று குவாரியில் கேலி செய்தார்கள். அப்படித்தான் கல்யாணம் நடந்தது.

அவர் பிறந்தது முடிவெட்டும் குடும்பத்தில். ஆனால் முகம் மழிப்பதைவிடக் கத்தியைத் தீட்டுவதில்தான் அவருக்கு ஆசை. சலூனைத் தம்பியிடம் விட்டுவிட்டு இந்த மேஜையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி சோப்பைக் கரைத்துப் பூசினால் ஆளின் மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும் என்பதால் தெருவில் அவனுக்குப் பெயர் 'நுரை'. அவனுடைய சலூனுக்கு ஆட்கள் வருவதே அந்த நுரைக்கும், கல்லில் தீட்டிய அசல் சவரக் கத்திக்கும்தான்.

கல்லைக் கண்டுபிடிப்பது அவள் வேலை, தீட்டுவது அவர் வேலை என்றுதான் இருந்தது. அப்போதுதான் அந்தக் கல் கிடைத்தது.

பெரிய மழைக்குப் பிறகு குவாரிக்குக் கீழே இருக்கும் ஓடையில் அவள் நடந்துகொண்டிருந்தாள். ஓரிடத்தில் கால் சோப்பை மிதித்தது மாதிரி வழுக்கியது. குனிந்து சேற்றைத் துடைத்துப் பார்த்தால் மழைமேக நிறத்தில் ஒரு கல். ஊதினாள். அந்த வாசனையில் அவளுக்குத் தலையே கிறுகிறுத்தது. பிரசவத்துக்குப் போகிறவளைத் தாங்கிப் பிடிப்பதுபோல் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவர் கம்பியும் மணலும் தண்ணீரும் வைத்து மெல்ல மெல்ல அறுத்துச் சதுரமாக்கினார். அறுத்தெடுத்த மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு மிஞ்சியது. தொழிலில் அதற்குப் பிள்ளைக்கல் என்று பெயர். பெரிய கல்லை நனைத்து, அதன் மேல் பிள்ளைக்கல்லை உரசினால் பால் மாதிரி ஒரு சாந்து வரும். அந்தப் பாலில் தீட்டினால்தான் கத்திக்குப் பதம் ஏறும். "பிள்ள வந்து உரசினாத்தானே தாய்க்குப் பால் சுரக்கும்" என்பார் அவர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பேச்சை எப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அந்தக் கல்லில் ஒரு குறை உண்டு. வலது ஓரத்தில் சாய்வாக ஒரு கறுப்பு நூல் ஓடியது. மற்ற இடமெல்லாம் வெண்ணெய் என்றால் அந்த நூல் கண்ணாடித் தூள். கத்தி அதன் இரண்டு ஓரத்திலும் ஏறி இறங்கினால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். கத்தியின் வாயோரம் தலைமுடியைவிட மெல்லிய இரண்டு கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் விழுந்துவிடும். தண்டவாளம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கத்தியால் மழித்தால் கன்னம் எரியும். அதனால் அவர் கல்லின் இடது பக்கத்தை மட்டும் பயன்படுத்துவார். மனசு வேறெங்காவது போனால் மட்டும் கை நூலின் மேல் ஏறிவிடும். சலூனில் தம்பி கத்தியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தண்டவாளம் விழுந்திருக்கு. அண்ணன் நேத்து அண்ணிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டான்" என்பான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

அந்தத் தம்பிதான் ஒருநாள் அந்தக் கல்லைக் கேட்டான். கடையிலேயே ஒரு நல்ல கல் இருந்தால் நடுவில் கத்தி மழுங்கினால் தானே சரிசெய்துகொள்ளலாம் என்றான். அண்ணன் மறுத்தார். பேச்சு முற்றியது.

"நான் செத்தாலும் அது உன் கைக்கு வராதுடா."

"அப்ப கூடவே எடுத்துக்கிட்டுப் போ."

அவ்வளவுதான் பேசினார்கள். அதன் பிறகு இரண்டு பேரும் பேசவே இல்லை. கத்திகள் மட்டும் தம்பி பெண்டாட்டியின் கூடையில் வந்தன, போயின.

ஒரு மத்தியானம் கல்லக்கா மூலையில் உட்கார்ந்து ஒரு கல்லைச் சமன் செய்துகொண்டிருந்தாள். மேஜையில் கத்தி உரசும் சத்தம் நின்றது. டீ கேட்கப்போகிறார் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் ஏன் கேட்கவில்லை என்று திரும்பினாள். தலை மேஜையில் சாய்ந்திருந்தது. டப்பாவிலிருந்து சொட்டு அவர் முழங்கையில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது.

கல்லின் மேல் ஒரு சவரக் கத்தி கிடந்தது. கொம்புப்பிடி, அதில் ஒரு விரிசல். தம்பியின் கத்தி. ஒரு பக்கம் தீட்டி முடித்துப் பளபளத்தது. மறுபக்கம் தொடப்படவே இல்லை.

அந்தக் கல்லைச் சவப்பெட்டியில் அவர் வலது கையருகே வைத்தவள் கல்லக்காதான். இரண்டு ஆண்களும் வாயால் சொன்னதைத்தான் செய்கிறோம் என்று நினைத்தாள். மூடிக்கு ஆணி அடிக்கும்போது கொழுந்தன் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைக்கல்லை மட்டும் அவள் வைத்துக்கொண்டாள். பாதி தீட்டிய கத்தியை ஒரு துணியில் சுற்றி, அலமாரியில் அவருடைய குளிர்காலச் சட்டைகளுக்கு அடியில் செருகினாள். அவர் கடைசியாக இழுத்த இழுப்பு அதில் இருந்தது. அதைக் கொடுக்க மனசு வரவில்லை. அடுத்த மாதம் கொழுந்தன் வந்து, "அண்ணி, என் கொம்புப்பிடிக் கத்தி ஒண்ணு இங்க இருந்துச்சே" என்றான். "தேடிப் பாக்கறேன்" என்றாள். அவன் மறுபடி கேட்கவில்லை.

அதன் பிறகு மேஜையில் அவள் உட்கார்ந்தாள். சவரக் கத்திக்கு அலமாரியிலிருந்து கறுப்புக் கல்லை எடுத்துக்கொண்டாள். பிள்ளைக்கல் இப்போது மாற்றாந்தாயிடம் பால் கேட்டது. அவளும் கொடுத்தாள். வேலை சுத்தமாக இருந்தது. மூன்று வருஷம் யாரும் குறை சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் ஓரகத்தி கூடையோடு வந்து உட்கார்ந்தாள். கத்திகளை எடுத்து வைக்காமல் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? கோச்சுக்காதீங்க."

"கேளு."

"கத்தியில ஏதாச்சும் மாத்திச் செய்யறீங்களா? வரவங்க எல்லாம் மொகம் எரியுதுங்கறாங்க. இவரு வேற சரியாவே சாப்பிடறது இல்ல. கத்தியத் தொறந்து வெச்சுக்கிட்டு அதையே பாத்துட்டு நிக்கறாரு. கேட்டா, ஒண்ணுமில்லங்கறாரு."

அவள் போன பிறகு கல்லக்கா ஒரு கத்தியை எடுத்துக் கட்டைவிரலால் தடவினாள். அவள் எப்போதும் அப்படித்தான் பார்ப்பது. கண்ணைவிட விரலை நம்புகிறவள். விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்தாள். கத்தியை ஜன்னல் பக்கம் சாய்த்தாள்.

இரண்டு கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடின.

அலமாரியைத் திறந்து சட்டைகளுக்கு அடியிலிருந்து கொம்புப்பிடிக் கத்தியை எடுத்தாள். அதன் தீட்டிய பக்கத்தைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். அதிலும் தண்டவாளம் இருந்தது. அதே நெருக்கம், அதே சாய்வு. கூடையில் வந்த மற்றக் கத்திகளையும் பார்த்தாள். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் இருந்தது.

அந்தக் கறுப்பு நூல் உலகத்தில் ஒரே ஒரு கல்லில்தான் இருந்தது. அது மண்ணுக்கடியில் அவர் கையருகே இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ எடுத்து, அவள் தீட்டி அனுப்பிய கத்திகளை மறுபடி அதில் தீட்டியிருக்க வேண்டும். அதைக் கேட்டவன் ஒருவன்தான். மூடியை அடிக்கும்போது எதிரே நின்றவனும் அவன்தான்.

மறுநாள் சலூனுக்குப் போனாள். நாற்காலியில் தையல்காரர் கண்வரை நுரையோடு சாய்ந்திருந்தார்.

"வாங்க கல்லக்கா. இந்தாளு என்னப் பனியில பொதச்சிட்டான். உயிரோட இருக்கேனான்னு கொஞ்சம் ஊதிப் பாத்துச் சொல்லுங்க."

அவள் சிரிக்கவில்லை. அலமாரியைப் பார்த்தாள். கண்ணாடிக்குக் கீழிருந்த இழுப்பறையை இழுத்தாள். சீப்பும் கத்தரியும் பழைய தூரிகைகளும்தான் இருந்தன. கொழுந்தன் தோல்வாரில் கத்தியைத் தடவுவதை நிறுத்திவிட்டு நின்றான்.

"என்ன அண்ணி தேடுறீங்க?"

"கல்லு எங்க தம்பி?"

"எந்தக் கல்லு?"

"எந்தக் கல்லுன்னு உனக்குத் தெரியும். உன் அண்ணன் கையில வெச்சு அனுப்பின கல்லு. உன் கத்தி அத்தனையிலும் தண்டவாளம் ஓடுது."

அவன் முகம் வெளிறிப்போனது. ஆனால் திருட்டு வெளிப்பட்டவன் முகம் மாதிரி அது இல்லை. கத்தியை மடித்து மேஜையில் வைத்தான்.

"நீங்களும் பாத்துட்டீங்களா" என்றான். குரல் இறங்கிவிட்டது. "எனக்கு மட்டும்தான் தெரியுதுன்னு நெனச்சேன். போன மாசத்துலேர்ந்து அண்ணி. அவனுக்கு மனசு சரியில்லன்னாத்தானே அது விழும்? எனக்கு வர்ற கத்தியில மட்டும் எதுக்கு விழுது? கூடவே எடுத்துக்கிட்டுப் போன்னு சொன்னேன்ல. எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அங்க உக்காந்து என் கத்தியத்தான் தீட்டறான்."

"யோவ், யாரு எங்க உக்காந்திருக்கா?" என்று தையல்காரர் நுரைக்குள்ளிருந்து கேட்டார்.

"கதை சொல்லாத தம்பி. நீ எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிடு. நான் யாருகிட்டயும் சொல்லப்போறது இல்ல."

அவன் அவளையே பார்த்தான். "பெட்டியத் தெறந்து பாப்போம்" என்றான். "கல்லு உள்ள இல்லன்னா நான் திருடன். இருந்துச்சுன்னா, அவன் காலப் புடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு வரேன். எப்படியும் எனக்கு இது தீரணும்."

தையல்காரரைப் பாதி மழித்த முகத்தோடு அனுப்பிவிட்டு அன்றே கடையைச் சாத்தினான். மறுநாள் இடுகாட்டுக் காவலரிடம் போனான். காவலர் பல் குத்திக்கொண்டே, "பொதச்ச ஆளு எந்திரிச்சு வெளிய வந்த கேஸ் இதுவரைக்கும் இல்ல. உள்ள போய்ப் பாக்கணும்னு வந்த மொத ஆளு நீதான்" என்றாராம். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, அலுவலகத்தில் அனுமதி வாங்கி வரச் சொன்னாராம். அவன் தினமும் அந்த அலுவலகத்து வாசலில் நின்றான். ஓரகத்தி வந்து அழுதாள். கடை இப்படியே இன்னும் கொஞ்ச நாள் கிடந்தால் ஆட்கள் வேறு கடை பார்த்துக்கொள்வார்கள் என்றாள். அதைவிட, அவர் தூக்கத்தில் அண்ணனோடு பேசுகிறார் என்றாள்.

கல்லக்கா தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். கூடையில் வந்த கத்திகளில் ஒன்றை எடுத்தாள். மஞ்சள் கல்லில் தேய்த்துப் பழைய கோடு இரண்டையும் முழுசாக அழித்தாள். பூதக்கண்ணாடியில் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு கறுப்புக் கல்லை எடுத்து, பிள்ளைக்கல்லால் பால் எடுத்து, மெல்ல மெல்லத் தீட்டி முடித்தாள். துடைத்தாள். கண்ணாடிக்குக் கீழே வைத்தாள்.

இரண்டு கோடுகளும் இருந்தன.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். கதவு தாழிட்டிருந்தது. கொழுந்தன் இங்கே வந்தே பல நாளாகிறது. இந்தக் கத்தியைத் தொட்டது அவள் கை ஒன்றுதான். அப்படியென்றால் அவன் எடுக்கவில்லை. அந்த நிமிஷமே எழுந்துபோய் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் எழவில்லை.

"இங்கயா இருக்கீங்க?" என்று கேட்டாள். டப்பாவிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

கத்தியை மறுபடி கல்லில் வைத்தாள். இழுத்தாள். அப்போதுதான் கேட்டது. சொட்டு விழும் சத்தத்துக்கு நடுவே, அதைவிட மெல்லிய இன்னொரு சத்தம். டிக். அவள் நிறுத்தினாள். சொட்டு மட்டும் விழுந்தது. மறுபடி இழுத்தாள். டிக்.

அவருடைய சத்தம். இத்தனை வருஷம் இந்த அறையில் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது, அதனால்தான் அவளுக்கு இதுவரை காதில் விழாமல் இருந்திருக்கிறது. கடிகாரச் சத்தம் யாருக்குக் கேட்கிறது? நின்ற பிறகுதானே கேட்கும். அது நின்ற மத்தியானம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அடுத்து வந்த நாட்களில் அவள் விடிந்ததும் மேஜைக்கு வந்துவிடுவாள். தீட்ட வேண்டிய கத்தி இருக்கிறதோ இல்லையோ, சமையலறைக் கத்தியையாவது எடுத்துக் கல்லில் வைப்பாள். அவள் வேலை செய்தால் அவர் வருவார். கை நின்றால் அவரும் நின்றுவிடுவார். பேசினால் பதில் இல்லை. தீட்டினால் மட்டும் பதில் உண்டு. உயிரோடிருந்தபோதும் அவர் அப்படித்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். இதைக் கொழுந்தனிடம் சொன்னால் அவனும் இங்கே வந்து உட்கார்ந்துவிடுவான். அழுவான். மன்னிப்புக் கேட்பான். சத்தம் அதோடு போய்விட்டால் என்ன செய்வது? இருக்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். ஆனால் ஜன்னல் வழியாகத் தெருவில் அவன் அலுவலகத்துக்கு நடந்துபோவதைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வாள். மழிக்காத தாடி அவனுக்கு நரைத்திருந்தது. ஊர் முகத்தையெல்லாம் மழிப்பவன் முகம் புதர்போல் இருந்தது.

அனுமதி கிடைத்துவிட்டதென்று ஓரகத்தி வந்து சொன்னாள். "நாளைக்கு மண்ணத் தோண்டறாங்களாம் அக்கா. நீங்களும் வரணுமாம். பொஞ்சாதி இல்லாமத் தெறக்கக் கூடாதாம்."

அவள் போன பிறகு கல்லக்கா மேஜையில் உட்கார்ந்தாள். நாளை அந்த மூடி திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கல் இருக்கும். அதைத் தவிர, அவள் மறுபடி பார்க்கக் கூடாதது ஒன்று இருக்கும். அதைக் கொழுந்தனும் பார்ப்பான். பார்த்த பிறகு அவன் கையில் ஒரு கத்தி நிற்குமா?

கை பழக்கத்தில் கத்தியை எடுத்துக் கல்லில் வைத்தது. இழுத்தாள். டிக். இழுத்தாள். டிக். ஏதோ குறைவது மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். டப்பாவில் தண்ணீர் தீர்ந்திருந்தது. சொட்டுச் சத்தமே இல்லை. இவ்வளவு நாளும் இரண்டு சத்தமும் கலந்தே கேட்டிருந்தாள். இப்போது அது தனியாகக் கேட்டது. தனியாகக் கேட்டபோது அது முதுகுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. கத்தியின் மேல் அழுத்தியிருந்த ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சின்ன அதிர்வாக வந்தது. காது கேட்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்தது.

விரலை நம்புகிறவள் அவள். இத்தனை நாள் அந்த விரல் சொன்னதை ஏன் கேட்கவில்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

கறுப்புக் கல்லைக் கழுவி வெளிச்சத்தில் சாய்த்தாள். மழமழப்பான மேல்பரப்பில், கத்தி ஏறும் வழியில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொடிப்பொடியான துகள்கள் புதைந்து நின்றன. இந்தக் கல் மென்மையானது. எது விழுந்தாலும் அழுத்தத்தில் உள்ளே வாங்கிக்கொள்ளும். ஊசியால் ஒன்றைக் கிளப்பி நகத்தில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடித் தூள் மாதிரி மின்னும் கறுப்பு. பிள்ளைக்கல்லைத் திருப்பினாள். மூன்று வருஷமாகப் பால் எடுத்துப் பால் எடுத்து அது பாதியாகத் தேய்ந்திருந்தது. தேய்ந்த முகத்தின் ஓரத்தில், ஒரு கண்ணிமை மயிர் அளவுக்கு, கறுப்பு நூலின் நுனி வெளியே வந்து, அதன் இரண்டு ஓரமும் உதிர்ந்திருந்தன. தாய்க்கல்லின் மூலையிலிருந்து அறுத்த துண்டுதானே. நூல் அன்றைக்கே அதற்குள்ளும் ஓடியிருக்கிறது. வெளியே தெரியத்தான் இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

"நீங்க இல்லையா அப்ப" என்றாள். அறை வெறும் அறையாக இருந்தது.

கொம்புப்பிடிக் கத்தியை எடுத்துக்கொண்டு, பிள்ளைக்கல்லையும் கறுப்புக் கல்லையும் பையில் போட்டுக்கொண்டு, கொழுந்தன் வீட்டுக்கு நடந்தாள். அவன் பின்பக்கத்துப் படியில் உட்கார்ந்து, நாளைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குத் தோண்ட வேண்டாம் தம்பி. சொல்லி அனுப்பிடு."

கற்களைப் படியில் வைத்து, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் காட்டினாள். அவன் தொழில்காரன். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துகளைப் பார்த்தான், நூலின் நுனியைப் பார்த்தான், கண்ணாடியைக் கீழே வைத்தான்.

"நான் உன்னத் திருடன்னு சொன்னது தப்பு" என்றாள். "நீ எடுக்கலன்னு முன்னாடியே தெரிஞ்சிடுச்சு. வந்து சொல்லல."

அவன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"அப்ப அண்ணன் இல்ல."

"இல்ல. கல்லுதான்."

செருப்பை ஓரமாக வைத்தான். "கோவமாவாவது வந்தான்னு நெனச்சேன் அண்ணி. கத்தியத் தொறக்கும்போதெல்லாம் பயந்தேன். ஆனா தொறக்காம இருக்கவும் முடியல. இன்னிக்கும் விழுந்திருக்கான்னு பாக்கத் தோணும்."

"எனக்கும்தான்" என்றாள் அவள்.

பிறகு துணியைப் பிரித்தாள். விரிசல் விழுந்த கொம்புப்பிடியைக் கண்டதும் அவன் கை நீளாமல் பாதியில் நின்றது.

"அன்னிக்குக் கல்லு மேல இதுதான் கெடந்துச்சு. ஒரு பக்கம் முடிச்சிட்டாரு. மறுபக்கம் ஆரம்பிக்கல."

அவன் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தான். கண்ணாடி வைக்காமலே அவனுக்குத் தெரிந்தது. "தண்டவாளம் இருக்கு."

"இருக்கு."

"அன்னிக்கு வீட்ல சண்டையா?"

"இல்ல."

"அப்ப என்னத்தான் நெனச்சிட்டு இருந்திருக்கான்." நிறுத்தினான். "கோவத்துலயா?"

"கோவம்னா உன் கத்திய எடுத்திருக்க மாட்டாரு தம்பி. அன்னிக்குக் கூடையில எத்தனையோ கெடந்துச்சு. உன் சொந்தக் கத்தியத்தான் மொதல்ல எடுத்திருக்காரு. அதுவும் அந்தக் கல்லுல."

அவன் பிடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான். "இத முன்னாடியே குடுத்திருக்கலாமே அண்ணி" என்றான். குரலில் கோபம் இருந்தது, அது நியாயமாகவும் இருந்தது.

"குடுத்திருக்கலாம்."

உள்ளே ஓரகத்தி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவன் கத்தியை அவள் பக்கம் நீட்டினான்.

"மறுபக்கத்தையும் முடிச்சுக் குடுங்க."

"குடு. நல்ல கல்லுல முடிச்சுத் தரேன்."

"இல்ல. இதுலயே. இந்தப் பிள்ளைக்கல்லு வெச்சு."

"கோடு விழும். மொகம் எரியும்."

"எரியட்டும். இது வேற யாருக்கும் இல்ல, எனக்குத்தான்."

மறுநாள் தோண்டவேண்டிய நேரத்தில் அவன் அவள் அறைக்கு வந்து, மூலையில் கிடந்த அவருடைய பழைய முக்காலியில் உட்கார்ந்தான். கல்லக்கா டப்பாவை ஆணியிலிருந்து கழற்றிக் கீழே வைத்தாள். கையாலேயே தண்ணீர் தெளித்தாள். பிள்ளைக்கல்லின் நூல் ஓடிய முனை படும்படி வைத்து உரசினாள். பால் வந்தது. கத்தியின் தீட்டாத பக்கத்தை வைத்து இழுத்தாள்.

டிக்.

முக்காலி லேசாக முனகியது.  அவள் நிமிரவில்லை. டிக். டிக். கத்திக்குப் பதம் ஏறி வெகுநேரம் ஆன பிறகும் அவள் நிறுத்தவில்லை. அவனும் போதும் என்று சொல்லவில்லை.

அன்று மாலை சலூன் திறந்தது. மற்றக் கத்திகளையெல்லாம் அவள் வேறு பிள்ளைக்கல் வைத்துத் தீட்டி அனுப்பிவிட்டாள். அதற்கு முன்பே கறுப்புக் கல்லையும் தேய்த்துச் சுத்தமாக்கியிருந்தாள். தையல்காரர் மீதிப் பாதி முகத்தை மழிக்க முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான்யா பழைய பதம்" என்றார். பிறகு கண்ணாடியில் பின்னால் நிற்பவனைப் பார்த்தார்.

"ஏன்யா நுரை, எங்களுக்கெல்லாம் வழவழன்னு செரைக்கிற. உன் கன்னம் மட்டும் ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?"

"பழைய கத்தி" என்றான் அவன்.

அந்தக் கொம்புப்பிடிக் கத்தி மழுங்கும்போது அதைக் கூடையில் அனுப்புவதில்லை. அவனே எடுத்துக்கொண்டு வருவான். அவன் வாசற்படி ஏறும் சத்தம் கேட்டதும் கல்லக்கா பழைய பிள்ளைக்கல்லை எடுத்து வைத்துவிட்டு, எழுந்து டப்பாவைக் கழற்றிவிடுவாள்.